படிக்கோலத்துல இறங்கின ஹெலிகாப்டர்

எனக்குப் பத்தாங்கிளாஸ் வரைக்கும் படிப்பு ஒழுங்கா வந்துச்சு. அப்புறம் நான் பாலிடெக்னிக்ல சேந்தேன், பாலிடெக்னிக் என்னைச் சேத்துக்கல. அந்த நேரம் பாத்து பெரியப்பா ஸ்பான்சர் பண்ண கிரீன் கார்டு அப்பாவுக்கு வந்துச்சு. அதுல ஒட்டிக்கிட்டு நானும் நியூ ஜெர்சிக்கு வந்துட்டேன். தொண்ணூறுகள்ல அங்க வந்து இறங்கின நம்ம ஆளுங்க எல்லாரும் கம்ப்யூட்டர்ல உக்காந்தாங்க. நான் பார்க்கிங் லாட்டுல நின்னேன்.

கார் நிறுத்தறதுக்கு வெள்ளைக் கோடு இருக்கு பாருங்க, அதை அடிக்கிற வேலை. ரெண்டு சக்கரம், ஒரு கைப்பிடி, நடுவுல பெயின்ட் டப்பா வச்ச ஒரு மிஷின். அதைத் தள்ளிக்கிட்டு நேரா நடக்கணும், அவ்வளவுதான். "உன் வாழ்க்கையிலயே நீ நேரா நடந்தது இந்த மிஷின் பின்னாடிதான்டா"ன்னு எங்க அக்கா சொல்லுவா.

அக்கா என்னை மாதிரி இல்ல. எம்.எஸ்சி. மேத்ஸ். கல்யாணமாகி, மாமா கூட எச்-ஃபோர் விசாவுல வந்தவ. மாமாவுக்கு வேலை பாக்கற விசா, அக்காவுக்கு மாமாவைப் பாத்துக்கற விசா. அவ வேலைக்குப் போகக் கூடாது, கார் ஓட்டத் தெரியாது. மாமா காலையில ஏழு மணிக்குக் கிளம்பினா சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் வருவாரு. நடுவுல அவளும் மைக்ரோவேவ் கடிகாரமும்தான்.

வந்த புதுசுல அபார்ட்மென்ட் வாசல்ல சின்னதா ஒரு கோலம் போட்டா. மத்தியானம் மேனேஜர் வாக்குவம் கிளீனரைத் தள்ளிக்கிட்டு வந்து, "உங்க வாசல்ல யாரோ மாவு கொட்டிட்டாங்க, நான் சுத்தம் பண்ணிட்டேன், கவலைப்படாதீங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போனான். நல்ல மனுஷன்தான். அக்கா தேங்க்யூ சொன்னா. அப்புறம் தரையில போடவே இல்ல. ஒரு கிராஃப் நோட்டு வாங்கி அதுல பென்சிலால போட ஆரம்பிச்சா. நோட்டு ரொம்பிடுச்சு, ரெண்டாவது நோட்டும் ரொம்பிடுச்சு. பாத்தது நான் ஒருத்தன்தான். நானும் அவ குடுக்கற தோசைக்காகப் பாத்தேன்.

எடிசன்கற ஊர் பக்கத்துல ஒரு பழைய கார்பெட் கடையை நம்ம ஆளுங்க சேந்து வாங்கி கோயிலாக்கினாங்க. கமிட்டிக்கு பிரசிடென்ட் டாக்டர் அங்கிள். ஹார்ட் டாக்டர். யாருக்குக் கை குடுத்தாலும் நாடி பாக்கற மாதிரியே புடிப்பாரு. தலையில விக் வச்சிருந்தாரு. அது ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும் அது ரகசியம்.

கும்பாபிஷேகத்துக்கு நாள் முடிவாச்சு. "வாசல்ல ஒரு கோலம் வேணுமே, யாராவது இருக்கீங்களா?"ன்னு அங்கிள் கேட்டாரு. அக்கா கைய பாதி தூக்கினா. "நீங்க யாரும்மா?"ன்னாரு. அக்கா மாமா பேரைச் சொல்லி அவரோட வொய்ஃப்னா. அப்படித்தான் அங்க எல்லாருக்கும் அவளைத் தெரியும்.

சனிக்கிழமை ஒரு டப்பா அரிசி மாவோட போனோம். கோயில் பின்னாடி பெரிய பார்க்கிங் லாட். காரை விட்டுட்டு எல்லாரும் அந்த வழியாத்தான் உள்ள வருவாங்க, அதனால அதுதான் எங்களுக்கு வாசல். நாலு இழை போட்டிருப்பா, ஒரு காத்து அடிச்சுது பாருங்க, மாவு மொத்தமும் என் ஜீன்ஸ் மேல. மறுபடியும் போட்டா, ஒரு டெலிவரி வேன் வந்து அது மேலயே ரிவர்ஸ் எடுத்துச்சு. அக்கா டப்பாவை மூடிட்டா. அந்த மூஞ்சியப் பாக்க எனக்குத் தாங்கல.

"அக்கா, என்கிட்ட மாவு மிஷின் இருக்கு"ன்னேன்.

"என்னடா உளர்ற?"

"வேன்ல இருக்கு. ரோட்டு பெயின்ட். காத்தும் அடிச்சுட்டுப் போகாது, வாக்குவம் கிளீனரும் உறியாது. அஞ்சு வருஷம் அப்படியே கிடக்கும்."

டாக்டர் அங்கிள் யோசிச்சாரு. "அழியாதா?"

"உங்க ஹேர்ஸ்டைல் மாதிரி அங்கிள். அசையாது."

அக்கா என் முதுகுல ஒண்ணு வச்சா. ஆனா அவ கண்ணு ரெண்டும் லைட் போட்ட மாதிரி ஆயிடுச்சு. நோட்டைப் பொரட்டி ஒரு படிக்கோலத்தை எடுத்தா. விசேஷத்துக்குப் போடற கோலம், எல்லாம் நேர்க்கோடு. நீளவாக்குல ரெண்டு பட்டை, அது ரெண்டையும் சேக்கற மாதிரி நடுவுல குறுக்க ஒரு பட்டை, மேலயும் கீழயும் மூடறதுக்கு இன்னும் ரெண்டு பட்டை, நாலு மூலையிலயும் சுழி. எல்லாமே ரெட்டை இழை. சுத்தி காவி பார்டர். காவிக்கு பதிலா செவப்பு பெயின்ட். நோட்டுல உள்ளங்கை சைஸ், அதைத் தரையில நாப்பது அடியாக்கணும்.

நூல்ல சாக்பீஸ் தூளைத் தடவி, ரெண்டு முனையையும் இழுத்துப் புடிச்சு, நடுவுல ஒரு சுண்டு சுண்டினா தரையில நேர்க்கோடு விழும். அதுதான் எங்க தொழில் ரகசியம். அக்கா பத்து நிமிஷத்துல அதைக் கத்துக்கிட்டு என்னையே வேலை வாங்க ஆரம்பிச்சுட்டா. "டேய் இழு. இன்னும் இழு. சோறு தின்னியா இல்லையா?" சுண்டறா, கணக்கு போடறா, ஓடறா. புடவையை இடுப்புல சொருகிக்கிட்டு அவ அந்த லாட்டுல ஓடினதைப் பாத்தா, இவளா மைக்ரோவேவ் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தவன்னு தோணுச்சு.

மூணு மணி ஆச்சு. பார்டர் முடிஞ்சுது, நெடுக்குப் பட்டை ரெண்டும், நடுப்பட்டையும் முடிஞ்சுது. மேல் பட்டையும் கீழ் பட்டையும் சுழியும்தான் பாக்கி.

"அக்கா, பெயின்ட் தீந்துடுச்சு"ன்னேன்.

இப்பவாவது உண்மையைச் சொல்லிடறேன். தீரல. வேன்ல முழுசா ரெண்டு டப்பா இருந்துச்சு. ஃபிரெண்டு ஒருத்தன் வீட்டுக்கு ஊர்லேர்ந்து கிரிக்கெட் மேட்ச் வீடியோ கேசட் வந்திருந்துச்சு, நாலு மணிக்குப் போடறேன்னிருந்தான்.

"கோலத்தைப் பாதியில விடக் கூடாதுடா."

"கீழ நின்னு பாத்தா எது பாதி, எது முழுசுன்னு யாருக்குத் தெரியும்? மேலேர்ந்து யார் வந்து பாக்கப் போறா?"

அக்கா நோட்டை மூடி பையில வச்சா. நான் மேட்ச் பாக்கப் போயிட்டேன்.

மறுநாள் காலையில கும்பாபிஷேகம். கோலத்து மேல யாரும் கார் ஏத்திடக் கூடாதுன்னு சுத்தி கயிறு கட்டி வச்சிருந்தேன். லாட் முழுக்க அந்த ஒரு இடம்தான் காலி. கூட்டம் மொத்தமும் முன்பக்கமும் சைடுலயும். குருக்கள் ஏணியில ஏறி, கூரை மேல இருந்த கலசத்துல தண்ணி ஊத்தப் போறாரு. அந்த நேரத்துல ஆகாசத்துல கருடன் வட்டம் போடணுமே! ஐநூறு தலையும் அண்ணாந்து பாக்குது. பாத்தா ஒரு காக்கா. அதுவும் நிக்கல.

"நியூ ஜெர்சியில கருடனுக்கு எங்க போறது, ஏதாவது கழுகு வந்தாலும் சரி"ன்னு ஒரு ஆன்ட்டி சொல்லிட்டிருக்காங்க. அப்பத்தான் டபடபடபன்னு சத்தம்.

ஒரு வெள்ளை ஹெலிகாப்டர். நேரா எங்க தலைக்கு மேல வந்துச்சு. ஒரு வட்டம் போட்டுச்சு. ரெண்டாவது வட்டம் போட்டுச்சு. அந்த ஆன்ட்டி ரெண்டு கையையும் தலைக்கு மேல கூப்பினாங்க. மூணாவது வட்டத்துல பாதிக் கூட்டம் கன்னத்துல போட்டுக்கிச்சு. "பாத்தியா, கமிட்டி பூ தூவ ஏற்பாடு பண்ணியிருக்கு"ன்னு ஒருத்தர். "சொல்லவே இல்லையே அங்கிள்!"னு இன்னொருத்தர். டாக்டர் அங்கிள் ஒண்ணும் தெரியாம, ஆனா பேரை விட மனசில்லாம, பெருமையா சிரிச்சுக்கிட்டு நிக்கறாரு.

ஹெலிகாப்டர் பூ தூவல. பின்பக்கம் போய் அக்கா கோலத்து நடுவுல இறங்குச்சு.

காத்துன்னா காத்து! பேப்பர் பிளேட்டெல்லாம் புறா மாதிரி பறந்துச்சு. மாவிலைத் தோரணம் பக்கத்து கடை கொடிக்கம்பத்துல போய் மாட்டிக்கிச்சு. பட்டுப்புடவை முந்தானை எல்லாம் ஒரே திசையில. டாக்டர் அங்கிள் சாமியைக் கும்பிடறதை விட்டுட்டு ரெண்டு கையாலயும் தலையைப் புடிச்சுக்கிட்டாரு. குருக்கள் மட்டும் அசையல. அந்தக் காத்துலயும் குடத்தைச் சரியா கலசத்து மேல கவுத்தாரு. தண்ணி முக்கால்வாசி எங்க மேலதான் வந்துச்சு. புண்ணியம் எங்களுக்கு.

பைலட் இறங்கினான். பெரிய மீசை, கறுப்புக் கண்ணாடி. ஐநூறு பேர் தன்னைப் பாத்து கை கூப்பிக்கிட்டு நிக்கறதைப் பாத்ததும் கண்ணாடியைக் கழட்டினான். "எக்ஸ்கியூஸ் மீ, இது ஹெலிபோர்ட் இல்லையா?"

எதுத்த தெருவுல ஒரு பெரிய ஆபீஸ். அதுக்குப் பின்னாடி ஹெலிகாப்டர் இறங்கறதுக்கு இடம் இருக்கு. பைலட் அந்தப் பக்கம் புதுசு. 'தட்டையான கூரை, பின்னாடி பார்க்கிங் லாட், செவப்பு பார்டருக்குள்ள வெள்ளையில பெருசா எச்'னு சொல்லி அனுப்பியிருக்காங்க. மேலேர்ந்து பாத்திருக்கான். தட்டையான கூரை இருக்கு. லாட் இருக்கு. செவப்பு பார்டர் இருக்கு. ரெண்டு நெடுக்குப் பட்டை, நடுவுல ஒரு குறுக்குப் பட்டை. மேலயும் கீழயும் மூடாம விட்டா அது என்ன எழுத்து? அக்கா என்னை ஒரு பார்வை பாத்தா. நான் சக்கரைப் பொங்கல் வாங்கப் போற மாதிரி நழுவிட்டேன்.

பைலட்டும் ரெண்டு தொன்னை பொங்கல் சாப்பிட்டான். கும்பிட்டான். இன்னொரு தடவை எல்லாருக்கும் காத்து வீசிட்டுப் போனான்.

யாரோ போன் பண்ணியிருக்காங்க. ரெண்டு வாரத்துல ஸ்டேட் ஆபீஸ்லேர்ந்து லெட்டர் வந்துச்சு. 'லைசன்ஸ் இல்லாம ஹெலிகாப்டர் இறங்கற இடம் நடத்தறதா தெரியுது. இன்ஸ்பெக்ஷனுக்கு வரோம். அப்படி இருந்தா அடையாளத்தை அழிச்சுடணும்.' அதுகூட சட்டத்துலேர்ந்து டெஃபினிஷன் நாலு பக்கம்.

டாக்டர் அங்கிள் ஆடிப்போயிட்டாரு. "நமக்கு எதுக்குப்பா வம்பு? கோயிலுக்கே ஏதாவது பிரச்சினை வந்துட்டா? தம்பி, நீதானே அடிச்ச, நீயே கறுப்பு பெயின்ட் அடிச்சு மூடிடு."

அக்கா பக்கத்துலதான் நின்னா. "சரி அங்கிள்"னு சொல்லிட்டு கோலத்துக்கிட்ட போனா. செருப்பைக் கழட்டிட்டு அந்த வெள்ளைப் பட்டை மேல மெதுவா நடந்தா. வாக்குவம் கிளீனர்காரனுக்கு தேங்க்யூ சொன்ன அதே மூஞ்சி. கும்பாபிஷேகத்துலேர்ந்து ஆன்ட்டிங்க அவளைத் தேடி வந்து பேச ஆரம்பிச்சிருந்தாங்க. 'கோலம் போட்ட பொண்ணு'ன்னு ஒரு அடையாளம் வந்திருந்துச்சு. அது இப்ப கறுப்பாகப் போகுது. என்னோட ஒரு கிரிக்கெட் மேட்ச்சால.

"இன்ஸ்பெக்ஷன் முடியட்டும் அங்கிள், அப்புறம் அழிக்கறேன்"னேன். "லெட்டர்லயே அப்படித்தானே போட்டிருக்கு?" எனக்கு லெட்டர்ல என்ன போட்டிருக்குன்னு தெரியாது. சும்மா சொன்னேன். அவரும் படிக்கல போலிருக்கு, தலையாட்டிட்டாரு.

அன்னைக்கு அக்கா வீட்டுல அந்த நாலு பக்கத்தையும் பரப்பி உக்காந்தோம். நான் எழுத்துக்கூட்டிப் படிச்சேன், அவ அர்த்தம் சொன்னா.

"ஏர்கிராஃப்ட்: காத்துல பறக்கறதுக்காக உண்டாக்கின எந்த சாதனமும்"னா.

"அப்ப டாக்டர் அங்கிள் விக்கும் அதுல வருமா?"

"பறக்கறதுக்காக உண்டாக்கினதுன்னு இருக்குடா. அது பறந்தா அது விபத்து." அக்கா சிரிச்சுட்டா. ரொம்ப நாள் கழிச்சு.

அடுத்தது ஹெலிபோர்ட், ஹெலிஸ்டாப். ரெண்டும் ஒண்ணு இல்லையாம். எண்ணெய் போட, ரிப்பேர் பண்ண வசதி இருந்தா ஹெலிபோர்ட். வெறுமன ஆளை ஏத்தி இறக்கினா ஹெலிஸ்டாப்.

"பஸ் ஸ்டாண்டும் பஸ் ஸ்டாப்பும் மாதிரி"ன்னேன். "நாம பொங்கல் போட்டோமே, அது எதுல வரும்?"

"சும்மா இருடா. இங்க பாரு." அவ பென்சிலால அடிக்கோடு போட்டா. "ஹெலிகாப்டர் இறங்கவும் ஏறவும் பயன்படுத்தற, இல்ல பயன்படுத்தற நோக்கத்தோட இருக்கற இடம். நோக்கம். யாரோட நோக்கம்? இறங்கினது அவன் நோக்கம். நான் போட்டது சாமி இறங்கி வரதுக்கு."

"ஐயோ, அதை மட்டும் ஆபீசர்கிட்ட சொல்லிடாத. சாமி லைசன்ஸ் வச்சிருக்காரான்னு கேப்பாங்க."

தலையணையைத் தூக்கி என் மேல எறிஞ்சா. பரீட்சைக்குப் படிக்கற மாதிரி ராத்திரி சாப்பாட்டு நேரம் வரைக்கும் அவ அந்த நாலு பக்கத்தையும் விடல. நான்தான் அந்த ரெண்டு டப்பா பெயின்ட்டைப் பத்தி சொல்லலாம்னு வாயைத் திறந்து திறந்து மூடிக்கிட்டிருந்தேன்.

இன்ஸ்பெக்ஷன் நாள். ஆபீசரம்மாவுக்கு அம்பது வயசு இருக்கும். காதுல பென்சில், கையில டேப். கோலத்தைச் சுத்தி வந்து அளந்தாங்க. டாக்டர் அங்கிள் பின்னாடியே ஓடினாரு. "மேடம், உடனே அழிச்சிடறோம் மேடம்."

"இதைப் போட்டது யாரு?"

அங்கிள் என்னைக் காட்டினாரு. அக்கா முன்னாடி வந்தா. "நான்தான்"னா. அவ இங்கிலீஷ்ல அவ்வளவு சத்தமா பேசி நான் கேட்டதே இல்ல. கோலம்னா என்ன, எதுக்கு வாசல்ல போடறோம், எல்லாம் சொன்னா. அப்புறம் டெஃபினிஷனுக்கு வந்தா. "இங்க எண்ணெய் இல்ல, ரிப்பேர் இல்ல, ஆளை ஏத்தறதும் இல்ல. இறங்கணும்ங்கற நோக்கம் எங்களுக்கு எப்பவும் இல்ல. அவர் வந்தது தப்பா வந்தது."

ஆபீசரம்மா கவனமா கேட்டாங்க. "நீங்க சொல்ற நோக்கத்தை நான் நம்பறேன். ஆனா மேலேர்ந்து பாக்கறவனுக்கு உங்க நோக்கம் தெரியாதும்மா. எச்தான் தெரியும். அடுத்த தடவை ஒருத்தன் இறங்கும்போது கீழ குழந்தைங்க விளையாடிட்டிருந்தா?"

அக்கா கோலத்தைத் திரும்பிப் பாத்தா. அது நியாயமான கேள்வி. அங்கிள் என்னைப் பாத்து, கறுப்பு பெயின்ட் எங்கன்னு கையால கேட்டாரு.

"மேடம்"னேன். என் இங்கிலீஷ் கொஞ்சம் நொண்டும், ஆனா போய்ச் சேந்துடும். "எச் அவ போடல. நான் போட்டது. இது பாதிக் கோலம். வேன்ல ரெண்டு டப்பா பெயின்ட் இருந்துச்சு. மேட்ச் பாக்கறதுக்காக தீந்துடுச்சுன்னு பொய் சொன்னேன்."

அக்கா என்னைப் பாத்த பார்வையில அன்னைக்கு நான் எரிஞ்சு போயிருக்கணும்.

"முழுக் கோலம் எப்படி இருக்கும்?"னு ஆபீசரம்மா கேட்டாங்க. அக்கா பையிலேர்ந்து கிராஃப் நோட்டை எடுத்தா. அவங்க பென்சிலைக் காதுலேர்ந்து எடுத்து, மேல் பட்டை, கீழ் பட்டை, சுழி எல்லாத்தையும் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க. பக்கம் திருப்பினாங்க. அடுத்த கோலம். அடுத்த கோலம். வந்த வேலையை மறந்துட்டு அஞ்சாறு பக்கம் பாத்திருப்பாங்க.

"இதுல எச் இல்லையே"ன்னாங்க. "முடிச்சிடுங்க. முடிச்சதும் மேலேர்ந்து பாத்துட்டுச் சொல்றேன். அப்பவும் ஹெலிஸ்டாப் மாதிரி இருந்தா அழிச்சுதான் ஆகணும்."

மறுநாளே முடிச்சோம். அக்கா என்கூட ஒரு வார்த்தை பேசல. "இழு", "விடு", "நகரு", இவ்வளவுதான். மத்தியானம் அவ தண்ணி பாட்டிலை என் பக்கம் உருட்டி விட்டா. மன்னிச்சுட்டான்னு புரிஞ்சுக்கிட்டேன்.

மீசைக்கார பைலட்டுக்கு விஷயம் போயிருக்கு. என்னாலதானே இவ்வளவு தொல்லைன்னு, அவன் முதலாளிகிட்ட கேட்டு ஆபீசரம்மாவைத் தானே மேல கூட்டிட்டுப் போறேன்னுட்டான். எதுத்த ஆபீஸ் பின்னாடி இருக்கற நிஜமான ஹெலிஸ்டாப்லேர்ந்து. மாமாவும் லீவு போட்டுட்டு வந்திருந்தாரு, நாங்க வேலி ஓரமா நின்னு பாத்தோம். ஆபீசரம்மா ஏறப் போனவங்க திரும்பி அக்காவைக் கூப்பிட்டாங்க. "ஒரு சீட் காலியா இருக்கு. நீங்க போட்டதை நீங்க முழுசா பாத்ததில்லையே?"

அக்கா மாமாவைப் பாத்தா, என்னைப் பாத்தா, முந்தானையை இடுப்புல சொருகினா. ஏறிட்டா!

அந்த டபடப சத்தம் கோயில் மேல ஒரு வட்டம் போட்டுச்சு. ரெண்டாவது வட்டம் போட்டுச்சு. கீழ லாட்டுல டாக்டர் அங்கிள் முன்ஜாக்கிரதையா தொப்பி போட்டுக்கிட்டு அண்ணாந்து பாத்துக்கிட்டிருந்தாரு. மூணாவது வட்டத்துல அந்த ஆன்ட்டி பழக்கதோஷத்துல கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. மேல உக்காந்திருந்தது எங்க அக்கா!

இறங்கினதும் ஆபீசரம்மா நோட்டுல நாலு வரி எழுதினாங்க. அப்புறமா லெட்டரே வந்துச்சு: இந்த இடம் ஹெலிபோர்ட்டும் இல்ல, ஹெலிஸ்டாப்பும் இல்லன்னு. டாக்டர் அங்கிள் அதை ஃபிரேம் போட்டு பிள்ளையார் பக்கத்துல மாட்டிட்டாரு. ஹெலிபோர்ட் இல்லன்னு கவர்ன்மென்ட் சர்டிஃபிகேட் குடுத்த கோயில் உலகத்துல இது ஒண்ணுதான்னு வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டுவாரு.

ஆனா அன்னைக்கு வேலி ஓரத்துல நான் அக்கா என்ன சொல்லப் போறான்னுதான் நின்னேன். தலைமுடியெல்லாம் கலைஞ்சு, கண்ணுல தண்ணியோட, சிரிச்சுக்கிட்டே ஓடி வந்தா. கட்டிப் புடிச்சுக்கப் போறான்னு நினைச்சு நானும் கைய விரிச்சேன்.

"டேய்"னா. "தெக்குப் பக்கம் ரெண்டாவது இழை கோணலா இருக்கு. மேலேர்ந்து நல்லா தெரியுது. மிஷினை எடு."